அவள் பதியாத ஸ்டேஷன்

மின்சாதனக் கடையில் அவளுக்கு ‘ஸ்டேஷன் அக்கா’ என்று பெயர். சும்மா வைக்கவில்லை. ரேடியோ உள்ள ஸ்டீரியோ வாங்கிப் போனவர்களில் பாதிப் பேர் மறுநாளே, “ஒண்ணுமே பாட மாட்டேங்குது” என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். அவள் குமிழைத் திருகி, இரைச்சல் தெளிந்ததும் மெமரி பொத்தானை அழுத்தி, எண்ணைத் தேர்ந்து, மறுபடியும் அழுத்துவாள். ஸ்டேஷன் அந்த எண்ணில் பதிந்துவிடும். “அவ்வளவுதான் சார், இதுக்குப் போய் பெட்டி மேல பழி போடலாமா?” என்பாள்.

வீட்டில் அந்தக் கொடுப்பினை இல்லை. பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் பதிந்த பாட்டு ஸ்டேஷன்களை எல்லாம் அழித்துவிட்டுப் புருஷன் குதிரைப் பந்தய வர்ணனையைப் பதிந்து வைப்பான். ஏன் என்று கேட்டால் அடி. ஒரு தடவை மணிக்கட்டே முறிந்தது. அடப்பாவி, அந்தக் கையால்தானே அவனுக்குச் சோறு போட்டாள்! “அடுத்த தடவை உயிரோட விட மாட்டேன்” என்று அவன் சொன்ன அன்று, கட்டிய துணியோடு கிளம்பினாள். எட்டு மாதமாக மூன்றாவது மாடியில் ஓர் அறை. முகவரியும் இன்னொரு சாவியும் தம்பியிடம் மட்டும். இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அவனை நம்பாமல் யாரை நம்புவது?

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து, அறையில் புதிதாக வாங்கி வைத்திருந்த ஸ்டீரியோவில் ஒன்றாம் எண்ணை அழுத்தினாள். பாட்டு வரவில்லை. எவனோ குதிரைகளின் பெயரை மூச்சுவிடாமல் கத்தினான். ‘ஊருக்கெல்லாம் பதிஞ்சு குடுக்கிறவளுக்கு இப்படி ஒரு மறதியா!’ என்று தலையில் அடித்துக்கொண்டு, பாட்டை மறுபடி பதிந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஒன்றிலும் இரண்டிலும் அதே கத்தல். கரண்ட் போய் மெமரி அழிந்தால் எல்லா எண்ணும் காலியாகும், பெட்டியில் இருக்கிற கடிகாரமும் நின்றுவிடும். கடிகாரம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. ஓர் ஆள் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து பதிந்தால்தான் உண்டு. பூட்டிலோ ஒரு கீறல்கூட இல்லை. வீட்டு ஓனரிடம் சொன்னாள். “ரேடியோவை மாத்தி வச்சிட்டுப் போற திருடன் எந்த ஊர்லம்மா இருக்கான்?” என்று சிரித்தார். அவருக்கென்ன, சிரிப்பார்.

புதன்கிழமை பெட்டியின் இருபது எண்களிலும் பந்தயம். தம்பிக்குப் போன் போட்டாள்.

“டேய், சாவி உன்கிட்டதானே இருக்கு?”

“இருக்குக்கா. மாமா போன வாரம் வாங்கிட்டுப் போனாரு, மறுநாளே குடுத்துட்டாரு.”

சாவிக்கு ஒரு நகல் வெட்ட எவ்வளவு நேரமாகும்!

“யாரைக் கேட்டுடா குடுத்தே?”

“கோபப்படாதக்கா. என் முன்னாடி தேம்பித் தேம்பி அழுதாரு. ஆளே மாறிட்டாரு.”

அழுதானாம்! மணிக்கட்டை முறித்த அன்றும் அழுதவன்தான்.

“அவன் என்னைக் கொன்னுடுவான்டா. உடனே பூட்டுக்காரனைக் கூட்டிட்டு வா. இப்ப எங்க இருக்கே?”

“நீ எப்பவுமே எதையும் பெரிசு பண்ணுவே. உன் வீட்டு வாசல்லதான் நிக்கிறேன். மாமாவும் கூட வந்திருக்காரு. உக்காந்து பேசித் தீர்த்துக்கலாம்.”

தம்பியின் குரல் போனிலும் கேட்டது, கதவுக்கு வெளியிலும் கேட்டது. தாழ்ப்பாளைப் போட அவள் ஓடினாள். அதற்குள் பூட்டில் சாவி திரும்பிவிட்டது.