வேலிக்கு மேலால் விழுந்த அடி

களுவாஞ்சிக்குடியில் என் இளைய மகளின் வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. அண்ணனின் மூத்த மகன் படலையைத் திறந்தபடியே, “மாமி, அம்மா எங்களை விட்டுப் போயிற்றா” என்றான்.

“என்னோட சண்டையை முடிக்காமலா போனவ?” என்று என் வாயில் வந்துவிட்டது. தாயை இழந்து அழுதுகொண்டு வந்த பிள்ளை சிரித்துவிட்டான். தங்கமுத்து மச்சாளை அறிந்தவர்கள் அவனைக் குறை சொல்லமாட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். என் அண்ணன் தூரம் போகவில்லை. ஒரு கம்பு வேலியைத் தாண்டி அடுத்த வளவுக்குப் போனான். அப்படித்தான் தங்கமுத்து எனக்கு மச்சாளானார். அண்ணனைக் கொண்டுபோனதை நான் பொறுத்தேன். ஆனால் என் கலியாணத்தன்று என் கூறைச்சேலையைத் தடவிப் பார்த்து, “நல்லாத்தான் கிடக்கு கா, வலையாப் போட்டு றால் பிடிக்கலாம்” என்று சபை நடுவில் சொன்னாரே, அதை இன்றுவரை மறக்கவில்லை. அந்தச் சபையில் யார் யார் சிரித்தார்கள் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

பட்டணத்துக்குள் கரண்ட் வந்த புதிதில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் லைட் எடுத்தோம். என் வீட்டுக்காரர் வாவியில் தோணிகள் விட்டவர். முற்றமெல்லாம் வெளிச்சம் போட்டு, அதன் கீழே இருந்து கிழிந்த வலை பொத்தவேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் சுவரில் மாட்டிய மீற்றர்ப் பெட்டிக்குள் தட்டு சுற்றச் சுற்ற அவர் முகம் வாடும்.

அந்த நேரம் பார்த்து அவருடைய சொந்தக்காரன் செல்லத்துரை வந்தான். கொழும்பில் வயர் வேலைக்காரரோடு சாமான் தூக்கித் திரிந்துவிட்டு வந்தவன். “தட்டு நித்திரை கொள்ளும், லைட் முழிச்சிருக்கும்” என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தான். முதலில் மச்சாள் வீட்டுக்குத்தான் போனான். அண்ணனும் தலையாட்டிவிட்டான். மச்சாள் உலக்கையும் கையுமாக மீற்றருக்கு முன்னால் நின்றாராம்.

“இது என்ட அம்மா எனக்குத் தந்த வீடு. சுவரும் என்ட, அதில கிடக்கிற பெட்டிக்குக் காவலும் நான். பெட்டியில கை வைச்சா மறுகா உனக்குக் கை இருக்காது.”

“மச்சாள், ஒருத்தருக்கும் தெரியாதே!”

“கரண்டுக்குத் தெரியும் தம்பி.”

நான் வீட்டில் இருந்திருந்தால் நானும் அதையே செய்திருப்பேன். என் வீடும் என் தாய் தந்ததுதான். ஆனால் அப்போது அறுவடை. கிரானில் எங்கள் வயல் கிடக்கும் வட்டையில் நின்றேன். வீட்டுக்காரி இல்லாத வீட்டில் இரண்டு ஆண்களும் கூடிவிட்டார்கள். மீற்றரைத் தாண்டிக் கரண்டை எடுக்க ஒரு கம்பி வேண்டும். உள்ளே ஓடினால் மீற்றர் பார்க்க வருகிறவர் கண்டுவிடுவார். செல்லத்துரைக்கு ஒரு மூளை ஓடியது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கூரை மரத்திலிருந்து தென்னைமரத்துக்கு ஒரு இரும்புக் கம்பி ஓடும், வலை காயப்போட. அதை யார் சந்தேகிப்பார்? முற்றத்து லைட்டுக்கு அந்தக் கம்பியிலேயே கரண்டை விட்டான்.

“அவ வாறதுக்குள்ள கழற்றிப்போடுவம்” என்று பேசிக்கொண்டார்களாம். நான் சொன்ன நாளுக்கு முந்தியே, விடிந்து கொஞ்ச நேரத்தில், மாட்டுக் கரத்தையில் வந்து இறங்கிவிட்டேன். வீட்டுக்காரர் வாவியில் நின்றார். வயல் புழுதி போகக் கிணற்றடியில் குளித்தேன். ஈரச்சேலையைப் பிழிந்து காயப்போடக் கம்பியடிக்குப் போனேன்.

“மச்சாள்! கம்பியைத் தொடாதே!” என்று வேலிக்கு அங்கால் தங்கமுத்துவின் குரல் கேட்டது. ஏதோ ஒரு கோபத்தில் அந்த மாதம் முழுக்க நாங்கள் பேசவில்லை. பேசாதவள் சொல்லி நான் கேட்பதா? கையை இன்னும் உயர்த்தினேன். அண்ணனின் தோணித் துடுப்பு வேலிக்கு மேலால் வந்து என் மணிக்கட்டில் விழுந்தது. சேலை மண்ணில் கிடந்தது.

“ஆளைக் கொல்லப் பாக்கிறியா?” என்று கத்தினேன்.

“கொல்லுறது நானில்ல கா. கீழ பார்.”

கம்பிக்குக் கீழே ஒரு காகம் விறைத்துக் கிடந்தது. கூரைத் தகரத்தில் காலும் கம்பியில் சொண்டுமாக வைத்திருக்கவேண்டும். மற்றக் காகங்கள் கத்திய கத்தில்தான் மச்சாள் வேலியடிக்கு வந்திருக்கிறார். செல்லத்துரை வந்துபோனது நினைவு வந்து, துடுப்பையும் எடுத்திருக்கிறார்.

வாவியால் வந்த என் வீட்டுக்காரர் காகத்தையும் என் கையையும் பார்த்தார். “நீ நாளைக்குத்தானே வருவாய் எண்டு...” என்றவர், முடிக்காமல் தென்னையடியில் குந்திவிட்டார். செல்லத்துரை அன்றைக்கே பாலம் தாண்டிப் போனவன். அவன் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் நான் இதுவரை போகவில்லை, இனியும் போகமாட்டேன்.

மச்சாள் அதோடு விடவில்லை. தானே ஆளனுப்பி லைட் கந்தோர் அதிகாரிகளைக் கூப்பிட்டார். அவர்கள் கம்பத்திலேயே வயரை வெட்டினார்கள், தண்டமும் கட்டினோம். கனகாலம் என் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்குத்தான். கட்டுப்போட்ட கையோடு வேலியடியில் நின்று கேட்டேன்: “என்ட வீட்டை இருட்டாக்கிப்போட்டியே, உனக்கு இப்ப நிம்மதியா?”

“கோபமா இரு மச்சாள்” என்றார். “உயிரோட இருந்து கோபப்படு.”

அடுத்த கிழமை அவர் வீட்டு வாசல் பல்ப் இடம் மாறி, வேலிப் பக்கச் சுவருக்கு வந்தது. அதன் வெளிச்சம் என் முற்றத்தில் பாதிவரை விழுந்தது. ஏன் என்று கேட்டதற்கு, “என்ட கோழி இருட்டில தடுக்கி விழுது, அதுக்குத்தான்” என்றார். பொழுதுபட்டால் கோழி கூட்டுக்குள் போய்விடும் என்பது எனக்குத் தெரியாதா? அந்த வெளிச்சத்தில்தான் என் வீட்டுக்காரர் வலை பொத்தினார். எங்களுக்கு மறுபடி கரண்ட் வந்த பிறகும் மச்சாள் அந்தப் பல்பைக் கழற்றவில்லை.

செத்தவீட்டில் அந்த மணிக்கட்டோடுதான் வாய்க்கரிசி போட்டேன். மழைக்காலத்தில் அது நோகும். நோகும்போதெல்லாம், இது நோகவாவது நான் இருக்கிறேனே என்று ஒரு சந்தோசம் வரும். என் வீட்டில் வலையும் சேலையும் காயப்போடக் கம்பி இல்லை, தும்புக்கயிறுதான். என் பிள்ளைகள் வீட்டிலும் அப்படியே. மச்சாளிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இவை. கூறைச்சேலைக் கதையை மட்டும் நான் மன்னிக்கவில்லை. உயிரோடு இருந்து கோபப்படச் சொன்னவர் அவர்தானே, படுகிறேன்.