றோசம்மா சுமந்த தண்ணீர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். முப்பத்தொரு வருடம் கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவன் நான். ஒரு கோப்பு ஒரு நாள் பிந்தினாலும் மேசையில் ஓங்கி அடிப்பேன். யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் இருக்கிற என் ஊரான புளியங்கூடலுக்குத் திரும்பி வந்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை. இங்கே வந்து நான் ஏசிய ஆட்கள் கனபேர். அவர்களில் நான் கையெடுத்துக் கும்பிட வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார். ஊர்காவற்றுறைக் கரையிலிருந்து மீன் கொண்டுவருகிற றோசம்மா.

“உம்மைப் பற்றி எழுதப் போறன்” என்று அவரிடம் சொன்னேன்.

“என்னைப் பற்றி எழுத என்ன கிடக்குது, கிளாக்கர் ஐயா? இண்டைக்கு எந்த மீன் நல்லம் எண்டு எழுதுங்கோ, சனத்துக்காவது உதவும்” என்றார். நான் எழுதத்தான் போகிறேன்.

அவர் பிறந்தது எழுவைதீவில். கிறிஸ்தோப்பரைக் கட்டி ஊர்காவற்றுறைக்கு வந்தவர். கிறிஸ்தோப்பர் நல்ல மனுசன், கடல் தொழிலில் கெட்டிக்காரன், ஆனால் இரண்டு காதும் கேளாது. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு துண்டு மணல் இருக்கிறது. அதில் றோசம்மா ஒன்பது தென்னை வைத்து வளர்த்திருக்கிறார். ஆடி மாதத்துச் சோளகக் காற்று உப்பை அள்ளி முகத்தில் எறிகிற இடம் அது. அங்கே எருக்கலையே தலை குனிந்துதான் நிற்கும், அவருடைய தென்னைகள் மட்டும் நிமிர்ந்து நிற்கின்றன. நாங்கள் பரம்பரையாகக் காணி வைத்திருக்கிற ஆட்கள். ஒரு மீன்காரிக்கு மரம் வளர்க்கத் தெரியும் என்று நான் நினைத்தும் பார்த்ததில்லை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எங்கள் வெள்ளவத்தை வீட்டை எரித்தார்கள். நானும் மனைவி மனோகரியும் அயல்வீட்டுக்காரருடைய சாமான் அறையில் ஒளிந்திருந்து தப்பினோம். நாலாம் நாள் போய்ப் பார்த்தால் சுவரும் சாம்பலும்தான் மிச்சம். மனோகரி ஒரு வார்த்தை பேசாமல் பின்வளவுக்குப் போனாள். மதில் மூலையில் முளைக்கப் போட்டிருந்த ஒரு செவ்விளநீர்த் தேங்காய், விரல் அளவு முளையோடு கிடந்தது. அதைச் சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்தாள். அகதிமுகாமிலும் காங்கேசன்துறைக்கு வந்த கப்பலிலும் அது அவள் மடியில்தான் இருந்தது.

ஊருக்கு வந்த பிறகும் அவள் பேசவில்லை. “சாப்பிட்டீரா?” என்றால் “ஓம்”. “மருந்து எடுத்தீரா?” என்றால் “ஓம்”. அவ்வளவுதான். முன்பு தெருவில் போகிறவர்களையெல்லாம் மறித்து வைத்துக் கதைக்கிற பெண் அவள். நான் கந்தோரால் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் மூன்று வீட்டுப் புதினம் சொல்லி முடித்துவிடுவாள். வாயைக் கொஞ்சம் மூடும் என்று நான் எத்தனை நாள் ஏசியிருப்பேன்! அந்த வாய் உண்மையாகவே மூடிக்கொண்டபோது வீட்டுக்குள் இருக்க எனக்குப் பயமாக இருந்தது.

ஐப்பசி மழை தொடங்க, தேங்காயை நட்டேன். ஆழக் குழி வெட்டி, தேங்காய்ப் பொச்சுமட்டை அடுக்கி, சாம்பலும் இரண்டு சுண்டு உப்பும் போட்டு நட்டேன். தென்னங்குழிக்கு உப்புப் போடுவது எங்கள் வழக்கம். என் அப்புவும் அப்படித்தான் நட்டவர். மனோகரி யாரிடமோ துண்டில் எழுதிக் கொடுத்து யாழ்ப்பாணத்திலிருந்து றம்புட்டான் கன்று, அந்தூரியம், கொழும்பில் அவள் வளர்த்த இன்னும் என்னென்னவோ எடுப்பித்து வைத்தாள். மழை இருக்கும்வரை அவை சிரித்துக்கொண்டு நின்றன. சித்திரை பிறக்கக் கருகத் தொடங்கின. சோளகம் எழும்ப ஒவ்வொன்றாகச் சருகாய்ப் போயின.

அப்போதுதான் ஒருநாள் றோசம்மா தலையிலிருந்த மீன் கடகப்பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, காய்ந்த றம்புட்டானைப் பார்த்துச் சொன்னார்: “உதைக் கொண்டு வரேக்கை கொழும்பு மழையையும் ஒரு சாக்கிலை கட்டிக்கொண்டெல்லோ வந்திருக்கோணும், அக்கா?”

மனோகரி சிரித்தாள். பத்து மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை நான் கண்டேன். “சாக்கு எரிஞ்சு போச்சு, றோசம்மா” என்றாள்.

நான் விறாந்தையில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அழுதேன்.

செவ்விளநீர் மட்டும் பட்டுப்போகாமல் நின்றது. றோசம்மா கேட்காமலே பனையோலை கொண்டுவந்து, சோளகம் அடிக்கிற பக்கத்தை மறைத்துக் கட்டினார். அன்றிலிருந்து மீன் விற்கிற வழியில் தினமும் அரை மணித்தியாலம் எங்கள் வீட்டில்தான். கன்றுக்குப் பக்கத்தில் இருந்து இருவரும் கதைப்பார்கள். முதலில் மனோகரி கன்றோடு பேசினாள், பிறகு றோசம்மாவோடு, கடைசியாகத்தான் என்னோடு. அது எனக்குக் காணும் என்றிருந்தது.

எண்பத்தைந்தாம் ஆண்டு மாரி எங்கள் பக்கம் ஏமாற்றிவிட்டது. இரண்டு மழை பெய்து, வானம் வெளித்துவிட்டது. அடுத்த கோடையில் கிணற்றில் அரைவாளித் தண்ணீர் அள்ளவும் கயிறு போதாது. கன்று அப்போது என் நெஞ்சளவு. அதன் ஓலைகள் சோர்ந்து தொங்கின. மனோகரி காலையிலும் மாலையிலும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய பேச்சு குறைகிறதா என்று நான் எண்ணத் தொடங்கினேன். பயம் பிடித்தவன் என்ன செய்வான்? தண்ணீர் இறைக்கிற மிசின் ஒன்று வாங்கினேன். கிணற்றை இன்னும் மூன்று முழம் வெட்ட ஆட்களுக்கும் சொன்னேன்.

ஆட்கள் அலவாங்கோடு வந்து இறங்கிய நேரம் றோசம்மாவும் வந்தார்.

“கிளாக்கர் ஐயா, கிணத்தைத் தோண்டாதேங்கோ. உந்த மிசினும் வேண்டாம். எங்கடை தீவிலை நல்ல தண்ணி பாலிலை ஆடை மாதிரி மேலாலை கிடக்குது. கீழை முழுக்கக் கடல்தான். ஆடையைக் கிழிச்சால் கடல் மேலை வந்திடும்.”

“நீ மீனைப் பார். எனக்குக் கிணறு வெட்டப் படிப்பிக்க வராதை!” என்று கத்தினேன். கூலிக்கு வந்த ஆட்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். றோசம்மா கடகத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடியில் கிடந்த முருகைக்கல் பாறையை உடைத்ததும் தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. எனக்கு வந்த புளுகத்தை, சந்தோசத்தைச் சொல்லி முடியாது. மிசினை இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டு, கன்றுக்கும் வாழைக்கும் வெள்ளமாகப் பாய்ச்சினேன். ஒரு கிழமை ராசா மாதிரித் திரிந்தேன். எட்டாம் நாள் காலை மனோகரி தேத்தண்ணீர் தந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினேன்.

“ஏன் காணும், சீனிக்குப் பதிலாய் உப்பைப் போட்டீரே?”

அவள் கிணற்றில் வாளியை விட்டு அள்ளி, கையில் ஏந்தி, நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஓடிப்போய் நானும் குடித்துப் பார்த்தேன். சவர். வாயில் வைக்க ஏலாத சவர்.

அடுத்த பத்து நாளில் கன்றின் ஓலை நுனிகள் தீயில் வாட்டியதுபோலக் கருகின. கருகல் ஈர்க்கோடு கீழே இறங்கிக்கொண்டு வந்தது. வாழை முழுவதும் செத்தது. மனோகரி வாய் திறக்கவில்லை. “ஓம்” கூட இல்லை, தலையை மட்டும் ஆட்டினாள். கொழும்பில் அவளுடைய வீட்டை எரித்தவர்கள் யாரோ. இங்கே அவளுக்கு மிஞ்சியதைக் கருக்கியவன் நான்தான்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர்காவற்றுறைக் கரைக்குப் போனேன். றோசம்மா முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். எனக்கு அது பழக்கமில்லை.

“நீர் சொன்னது சரி” என்று மட்டும்தான் வாயில் வந்தது.

“சவர் ஏறிப்போச்சோ?”

“ஓம்.”

“குழிக்கும் உப்புப் போட்டனீங்களோ?”

“ரெண்டு சுண்டு.”

“அந்தோணியாரே!” என்று மீன் கையோடு தலையில் அடித்துக்கொண்டார். “உப்புக்கு மேலை குந்தியிருந்துகொண்டு உப்பையும் போட்டு நட்டிருக்கிறியள். படிச்ச ஆக்களின்ரை வேலையைப் பாருங்கோவன்!” அவர் நன்றாக ஏசினார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த ஏச்சு எனக்கு வேண்டியிருந்தது.

மறுநாளே அவர் வந்து வேலையை நடத்தினார். வெட்டிய மூன்று முழத்துக்கும் கல்லும் மணலும் கொட்டிக் கிணற்றின் அடியைப் பழைய மட்டத்துக்கு மூடச் சொன்னார். விடிய முன்னம் மேலாக நாலு வாளி மட்டும், அதுவும் தண்ணீர் கலங்காமல் அள்ள வேண்டும். அது வீட்டுப் பாவனைக்கே சவர்தான், கன்றுக்கு ஒரு சொட்டும் கூடாது. மிசினைச் சாக்கால் மூடி மாட்டுக்கொட்டிலில் வைத்தேன்.

“அப்ப கன்றுக்குத் தண்ணிக்கு எங்கை போறது?” என்று கேட்டேன். எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் குடிதண்ணீருக்கே தவம் கிடந்தார்கள். ஒரு கன்றுக்குத் தண்ணீர் கேட்க எந்தப் படலையில் நிற்பது?

“அது என்ரை பாடு” என்றார்.

றோசம்மா வீட்டுக்குப் பக்கத்து மணலில் ஒரு பூவல் இருந்தது. பூவல் என்றால் கைமுழம் ஆழத்துக்குத் தோண்டிய சின்னக் குழி. கடலுக்கு இத்தனை கிட்ட இருந்தும் அதில் ஊறுவது இளநீர் மாதிரித் தண்ணீர். எழுவைதீவில் சின்ன வயதில் அப்படித்தான் அள்ளிப் பழகியவர் அவர். அவசரப்பட்டால் சவர் வந்துவிடும். சிரட்டையால் மொண்டு, ஊறும்வரை இருந்து, திரும்ப மொள்ள வேண்டும். ஒரு கலன் நிறைய ஒரு மணித்தியாலம் போகும். விடிய எழும்பி அதை நிறைத்து, தலையில் மீன் கடகமும் கையில் தண்ணீர்க் கலனுமாக இரண்டரை மைல் நடந்து வந்தார். கன்றின் வேரடியில் பழைய பானை ஒன்றை மண்ணுக்குள் தாட்டு, அடியில் ஊசித் துவாரம் விட்டு, அதற்குள் தண்ணீரை ஊற்றுவார். பொட்டுப் பொட்டாக வேருக்கு இறங்கும். ஆவணி முழுவதும் வந்தார். புரட்டாதி முழுவதும் வந்தார். நேவி கடலுக்குப் போகத் தடை போட்டிருந்த நாட்களில் விற்க மீன் இல்லை. அந்த நாட்களிலும் தண்ணீருக்காக மட்டும் வந்தார்.

நான் சைக்கிளில் வந்து எடுக்கிறேன் என்றேன். சைக்கிள் குலுக்கலில் பாதி வழியில் பாதி கலன் போய்விடும் என்று மறுத்துவிட்டார். உண்மைக் காரணம் வேறு. அதை ஒருநாள் நெருக்கிக் கேட்டபோதுதான் சொன்னார்.

“என்ரை வீட்டிலை நான் ஆரோடை கதைக்கிறது? அந்தாளுக்குக் காது கேளாது, பெடியள் கடலோடை. நாள் முழுக்க ‘மீன், மீன்’ எண்டு கத்திறதைத் தவிர என்ரை வாய்க்கு வேறை வேலை இல்லை. அக்காவோடைதான் நான் மனுசி மாதிரிக் கதைச்சனான். அது நிண்டு போனால் எனக்கு இந்தத் தெரு நடக்க ஏலாது, ஐயா. நான் உங்களுக்காக வரேல்லை. எனக்காகத்தான் வாறன்.”

மனோகரி அப்போதும் பேசவில்லை. றோசம்மா வந்தால் பக்கத்தில் வந்து இருப்பாள். றோசம்மா தன்பாட்டில் கதைப்பார். ஊர்ப் புதினம், கோயில் புதினம், மருமகளின் சண்டை எல்லாம் சொல்லி, “என்னக்கா, நான் சொல்லுறது சரிதானே?” என்று நிறுத்துவார். பதில் வராது. ஒரு மூச்சு பார்த்திருந்துவிட்டுத் தானே தொடர்வார். வெறும் சுவருக்கு இத்தனை நாள் கதை சொல்ல என்னால் ஏலாது. எனக்கு அந்தப் பொறுமையைக் கடவுள் தரவில்லை.

ஐப்பசி முற்பகுதியில் கருகிய ஓலைகளுக்கு நடுவில் குருத்து எழும்பியது. பச்சைக் குருத்து. கன்று தப்பிவிட்டது என்று றோசம்மா சிலுவை போட்டுக்கொண்டார். நான் மனோகரியின் முகத்தைப் பார்த்தேன். அவள் குருத்தைத் தடவினாள். கண் கலங்கியது, வாய் திறக்கவில்லை. கன்று பிழைத்தும் அவள் இப்படியே இருந்துவிட்டால் என்ன செய்வேன் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

கார்த்திகையில் மழை வந்தது. அப்பா, என்ன மழை! எட்டு நாள் விடாமல் கொட்டியது. ஒழுங்கை வாய்க்காலாகிவிட்டது. ஒன்பதாம் நாள் காலை வெளித்தது. கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கட்டுக்குக் கீழே ஒரு முழத்தில் நின்றது. அள்ளிக் குடித்தேன். ஒரு துளி சவர் இல்லை.

சந்தோசம் தலைக்கு ஏறிவிட்டது எனக்கு. இத்தனை தண்ணீர் கிடக்கும்போது, கன்றின் வேரில் மிச்சம் கிடக்கிற உப்பை ஒரேயடியாகக் கழுவிவிட்டால் என்ன? மாட்டுக்கொட்டிலுக்குப் போய் மிசினை இழுத்துக்கொண்டு வந்தேன். மண்ணெண்ணெய் ஊற்றினேன். மிசினை இழுத்து ஓடவிடுகிற கயிற்றில் கை வைத்தேன்.

“அந்த மிசினிலை கை வைச்சுப் பாருங்கோ!”

குசினி வாசலில் மனோகரி நின்றாள். கையில் அகப்பை.

“உங்களுக்கு மண்டைக்குள்ளை என்ன கிடக்குது? ஒருக்காப் பட்டது காணாதே? அந்த மனுசி மூண்டு மாதம் கையிலை சுமந்து சுமந்து உயிர் குடுத்த கன்று அது. அவ தோண்டாதேங்கோ எண்டு தலைகீழாய் நிண்டு சொன்னவ. கேட்டனீங்களே? ஆர் சொன்னால் நீங்கள் கேட்டனீங்கள்? ஆடிக்கு முதலே கொழும்பை விட்டு வருவம் எண்டு நான் சொன்னனான். அதையும் கேட்கேல்லை. என்ரை வீட்டை எரிச்சவங்களை நிண்டு ஒரு வார்த்தை கேட்க எனக்கு ஏலாமல் போச்சு. உங்களைக் கேட்பன்! உங்களை விடமாட்டன்!”

நான் மிசின் கயிற்றை விட்டுவிட்டு ஈர மண்ணில் அப்படியே குந்தினேன். அவள் விடவில்லை. அழுதாள், ஏசினாள், மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்ப ஏசினாள். மூன்று வருடத்தையும் சேர்த்துக் கொட்டினாள். என் வாழ்நாளில் எனக்கு யாரும் அப்படி ஏசியதில்லை, நான் விட்டதுமில்லை. அன்றைக்கு ஒவ்வொரு சொல்லையும் பிரசாதம் வாங்குகிறவன் மாதிரி வாங்கிக்கொண்டு இருந்தேன்.

படலை திறந்த சத்தம் கேட்டது. எட்டு நாளைக்குப் பிறகு றோசம்மா வந்திருந்தார். மனோகரியின் குரலைக் கேட்டதும் நடு முற்றத்தில் நின்றுவிட்டார். கடகம் தலையில் ஆடியது. நான் சேற்றில் இருந்தபடியே அவரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை.

“நிப்பாட்டாதேங்கோ அக்கா” என்றார். கடகத்தை இறக்கி வைத்துவிட்டு, கிணற்றுக் கட்டின் மேல் வசதியாக ஏறி இருந்தார். “நான் இப்பதான் வந்தனான். முதலிலை இருந்து சொல்லுங்கோ.”

மனோகரி முதலிலிருந்து சொன்னாள்.