பதினோரு நாள் இடித்த வீடு

டிப்ளமோ முடித்து ஓவர்சீயராக வரும் பிள்ளைகளுக்கு ஒன்றை மட்டும் சொல்கிறேன். ரிப்போர்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கேட்பவர் முதலாளியாக இருந்தாலும் சரி, பெற்ற தகப்பனாக இருந்தாலும் சரி. நான் போட்டேன். 

எழுபதுகளின் கடைசி. காரைக்காலில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் எனக்கு வேலை. பிரெஞ்சுக்காரர் காலத்துச் செங்கல் மாடி வீடு ஒன்று விலைக்கு வந்தது. சொந்தக்காரர்கள் பிரான்சிலேயே தங்கிவிட்டார்கள். அந்தத் தெருவில் வீடுகள் ஒவ்வொன்றாக லாட்ஜாகவும் ஜவுளிக்கடையாகவும் மாறிக்கொண்டிருந்தன. வாங்க வந்தவருக்கும் லாட்ஜ் கட்ட மனைதான் வேண்டும். அதுவும் ஆளில்லாமல் வேண்டும்.

கீழே பதினெட்டு வருஷமாகச் சரோஜா அம்மா வாடகைக்கு இருந்தார். கணவர் இல்லை. மூன்று தையல் மிஷின் போட்டு ஸ்கூல் யூனிஃபார்ம் தைத்துப் பிழைத்தார். ஒழுங்காக வாடகை கொடுப்பவரைச் சும்மா கிளப்ப முடியாது. கட்டடம் விழும் நிலையில் இருந்தால் கிளப்பலாம். அதற்குத்தான் எங்கள் ரிப்போர்ட்.

போய்ப் பார்த்தேன். சுவர் பதினெட்டு அங்குலக் கனம். மாடியிலிருந்து தூக்குக்குண்டு விட்டேன். நூல் இம்மி விலகவில்லை. சுண்ணாம்புச் சாந்தை உளியால் சுரண்டினேன், உளிதான் வழுக்கியது. தேக்கு உத்திரத்தில் கரையான் இல்லை. மாடிக் கைப்பிடிச் சுவரில் மட்டும் பூச்சு பெயர்ந்திருந்தது.

மிஷினை நிறுத்திவிட்டு அந்த அம்மா கேட்டார். "வீடு விழுந்துடுமா தம்பி?"

"நம்ம காலத்துக்கும் நிக்கும்மா. நிம்மதியா தைங்க."

அளவுகளை எல்லாம் ரிப்போர்ட்டில் எழுதினேன். கடைசியில் ரிமார்க்ஸ் கட்டம். எழுதப் பேனாவை எடுத்தபோது முதலாளி வந்தார். "அத நான் டைப் அடிச்சுக்கிறேன்யா. நீ கையெழுத்தப் போட்டுட்டு சைட்டுக்குக் கிளம்பு. கான்கிரீட் போட ஆளு நிக்கிறான்." போட்டேன். கிளம்பினேன்.

மூன்று மாதம் கழித்து, வீட்டைக் காலி செய்யச் சொல்லிப் போட்ட வழக்கில் கொடுத்த ரிப்போர்ட் நகலோடு அந்த அம்மா ஆபீஸ் வாசலில் நின்றார். ரிமார்க்ஸ் கட்டத்தில், 'எந்த நேரமும் இடிந்து விழும் அபாயம்.' கீழே என் கையெழுத்து.  தாளைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

உள்ளே போய்க் கத்தினேன். "என்னா சார் இது? குண்டு விட்டுப் பாத்தேன், நூல் நேரா நிக்கிது. நான் எழுதாதத நான் எழுதுன மாதிரி..."

முதலாளி நிமிர்ந்தே பார்க்கவில்லை. "லாட்ஜ் பிளான் எந்த ஆபீசுக்கு வரப்போவுது? நம்ம ஆபீசுக்கு. உன் சம்பளம் வானத்துலேருந்தா வருது? போய் வேலையப் பாரு."

கோர்ட்டில் போய் நிஜத்தைச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. குடும்பக் கஷ்டம், அது இது என்று காரணம் சொல்ல மாட்டேன். பயந்தேன், அவ்வளவுதான். முதலாளி அயோக்கியன், சந்தேகமே இல்லை. ஆனால் அவனுக்கு என் கை தேவைப்பட்டது, நான் நீட்டினேன்.

வழக்கில் சரோஜா அம்மா தோற்றார். பக்கத்துத் தலத்தெருவில் ஒரு கொட்டகைக்கு மிஷின்களைக் கொண்டுபோனார். மழை பெய்தால் ஒழுகும் கொட்டகை. வீட்டை இடிக்க மேற்பார்வைக்கு என்னைத்தான் அனுப்பினார்கள்.

இரண்டு நாளில் முடியும் என்று மேஸ்திரியிடம் சொல்லியிருந்தார்கள். ரிப்போர்ட்டை நம்பி ஆறு ஆளோடு வந்தார். முதல் நாள் ஒரு கடப்பாரை வளைந்தது. நாலாம் நாள் ஆளைப் பன்னிரண்டாக்கினார். "எந்தப் பாவி இத விழப்போவுதுன்னு எழுதுனான்?" என்று என்னிடமே கேட்டார். 

பதினோராம் நாள் கீழ்த்தளச் சுவர் இன்னும் இடுப்பளவு நின்றது. யூனிஃபார்ம் மூட்டையோடு அந்த வழியே வந்த சரோஜா அம்மா எதிர்ப்பக்கம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் அருகில் வந்தார்.

"எந்த நேரமும் விழும்னு எழுதுனீங்களே தம்பி," என்றார். "இன்னும் எத்தன நாளாவும்?"