கதவின் கறை

கொக்குவிலில் தொலைக்காட்சி திருத்தப் போன வீட்டில், தடித்த மூக்குக் கண்ணாடி போட்ட ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் தனியே இருந்தார். கனடாவில் மகன் வேலைக்குப் போவதைப் பார்க்க, அவன் வாசல் கமராவை அகலத்திரையில் நாள் முழுக்க ஓடவிடுவாராம். ஒரே படம் நாள்கணக்கில் நின்றதால், அந்தக் கதவு திரையில் கறையாகப் பதிந்துவிட்டது.

"மகன் கமராவைக் கழட்டி ரெண்டு நாளாம், தம்பி. தெரியாமல் உந்தக் கறையைப் பாத்து, 'கவனமாப் போட்டு வா ராசா' எண்டு சொல்லியிருக்கிறன்," என்று சிரித்தார்.

கறையை அழிக்க, திரை முழுக்க நிறங்களை மாற்றி மாற்றி ஓடவிட்டேன். கறை போகவில்லை, இனிப் போகாது. ஒன்பதாம் வகுப்போடு நின்ற எனக்கு, ரீச்சர்மாரிடம் முடியாது என்று சொல்லப் பயம்.

"நாளைக்கும் வந்து பாப்பியோ?"

"ஓம் ரீச்சர், வாறன்."

வாசல் படலைவரை வந்து, "கவனமாப் போட்டு வா ராசா," என்றார்.

நான் இன்னும் அங்கே திரும்பிப் போகவில்லை.