போசரி பவுண்டரியில் ஒரு எம்.ஈ. வகுப்பு

1. ஆளில்லாத படிப்பு

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் டிபார்ட்மென்டில் எம்.ஈ. படிப்பு இருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை. புனேயில் பி.ஈ. முடித்தவர்கள் ஒன்று அமெரிக்கா போனார்கள், இல்லையென்றால் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போனார்கள். மிச்சமிருந்தவர்களைப் பிம்ப்ரி, சிஞ்ச்வட் தொழிற்சாலைகள் எடுத்துக்கொண்டன. பி.ஈ.யில் படித்ததையே இன்னும் கொஞ்சம் கடினமான கணக்கோடு மறுபடி படிக்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

ஒரு ஜூன் மாதம் பல்கலைக்கழகம் முடிவாகச் சொல்லிவிட்டது. புதிதாக ஒரு திட்டம் கொடுங்கள், இல்லாவிட்டால் எம்.ஈ.யை மூடுகிறோம் என்றார்கள். மூடினால் அதோடு நிற்காது. அடுத்து பி.எச்டி. போகும். ஆராய்ச்சிக்கென்று பாடுபட்டு வாங்கிய மைக்ராஸ்கோப், பி.ஈ. பிராக்டிகல் அன்றைக்கு மட்டும் உறையைக் கழற்றி மாட்டும் பொருளாகிவிடும்.

ஹெச்.ஓ.டி. ஜோக்ளேகர் சார் ஸ்டாஃப் மீட்டிங்கில் இதைச் சொல்லிவிட்டு, யார் திட்டம் போடுவது என்று கேட்டார். எல்லோரும் அவரவர் டீயைப் பார்த்தார்கள். நான் உலோகவியலில் பி.எச்டி. முடித்து வந்து அதிக நாள் ஆகவில்லை. மறுக்கும் அளவுக்கு சீனியாரிட்டி இல்லை. வேலை என்னிடம் வந்தது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. புனேயிலேயே, கட்கியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, கல்லூரியில் ஆங்கிலம் என்று வளர்ந்ததால் எந்த வாசலில் நின்றும் பேச எனக்குக் கூச்சமில்லை.

மற்றப் பல்கலைக்கழகங்களின் சிலபஸை வரவழைத்துத் தரட்டுமா என்று ஜோக்ளேகர் சார் கேட்டார். வேண்டாம், முதலில் போசரி தொழிற்பேட்டைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. "போசரியில சிலபஸ் யார் வெச்சிருக்கா?" என்று மராத்தியில் கேட்டார். சிரித்தபடிதான் கேட்டார், ஆனால் நியாயமான கேள்வி. என் யோசனை இதுதான்: படிப்பில் முதல் வருடம் வகுப்பு. இரண்டாம் வருடம் முழுக்கத் தொழிற்சாலையில். அங்கே நிஜமாக இருக்கும் ஒரு பிரச்சினைதான் தீசிஸ். அந்தப் பிரச்சினைகள் எப்படிப்பட்டவை என்று தெரியாமல், முதல் வருடத்தில் என்ன பாடம் வைப்பது?

2. தண்ணீர்த் தொட்டி

போசரி தொழிற்பேட்டையில் அந்த மழைக்காலம் முழுவதும் குடையோடு அலைந்தேன். பல கேட்டுகளில், கல்லூரி ஆண்டு மலருக்கு விளம்பரம் கேட்டு வந்த டீச்சர் என்று நினைத்தார்கள். உள்ளே விட்டவர்கள் டீ கொடுத்தார்கள். "ஸ்டூடன்ட்ஸைக் கூட்டிட்டு வாங்க மேடம், சுத்திக் காட்டறோம்" என்றார்கள். ஒரு வருடத்துக்கு ஒரு மாணவரை உள்ளே விடுங்கள், உங்களுக்குத் தீராத தலைவலி எதுவோ அதைக் கொடுங்கள் என்று கேட்டால், மேனேஜர்களின் முகம் மாறிவிடும். தலைவலி இருப்பதையே யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

முதலில் ஒப்புக்கொண்டவர் சென்னியப்பன். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். போசரியில் அலுமினியத்தை உருக்கி வார்க்கும் பவுண்டரி வைத்திருந்தார். கம்ப்ரஸர், பம்பு இவற்றுக்கான காஸ்டிங் வார்த்து, ஜெர்மனியில் ஒரு கம்பெனிக்கும் கொஞ்சம் அனுப்பத் தொடங்கியிருந்தார். என் பெயரைக் கேட்டதும் தமிழில் பேசினார். எனக்கு நம்பிக்கை வந்தது. அதை அவரே தட்டிவிட்டார்.

"தமிழ்ல பேசுனா டீ குடுக்கலாமுங்க. பவுண்டரியக் குடுக்க முடியாதுங்களே" என்றார்.

ஆனால் எழுந்து வந்து என்னைத் தொட்டியருகே அழைத்துப் போனார். டை என்கிற இரும்பு அச்சில் வார்த்து முடித்த காஸ்டிங்குகளை அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, தண்ணீருக்குள் இறக்கிப் பார்க்கும் இடம் அது. நல்ல காஸ்டிங் சும்மா கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத துளை இருந்தால் குமிழி வரும். நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒன்றன்பின் ஒன்றாகக் குமிழி விட்டன. குமிழி விட்டதையெல்லாம் திரும்ப உருக்கத்தான் வேண்டும்.

"டையை மாத்திப் பாத்தாச்சுங்க. ஆளை மாத்திப் பாத்தாச்சுங்க. சில மாசம் சரியா இருக்குது, அப்புறம் மறுபடி இதே கதை. ஜெர்மன்காரன் இன்னொருக்கா லீக் வந்தா ஆர்டர நிறுத்திருவேங்கறான். இத மூணு மாசத்துல சரி பண்ணிக் குடுங்க, நீங்க கேக்கற எடத்துல கையெழுத்துப் போடறனுங்க."

சரி என்று சொல்லியிருந்தால் வேலை அன்றே முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. சரி பண்ணித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தால் அது கன்சல்டன்சி. நான் கேட்டது படிப்புக்கு இடம். ஒரு மாணவர் ஒரு வருடம் முழுக்க இங்கேயே இருப்பார், நான் வாரம் தவறாமல் வருவேன், என்ன கண்டுபிடித்தாலும் உள்ளபடி சொல்வோம், தீரும் என்று மட்டும் உத்தரவாதம் தர மாட்டேன் என்றேன். தீர்த்துத் தருகிறேன் என்று சொன்னவர்கள் எல்லோரும் ஏமாற்றியிருந்தார்கள் போல. தர மாட்டேன் என்றவளை நம்பினார்.

3. ஒரு பக்க ஒப்பந்தம்

பாடத்திட்டக் குழுவில் ஒரு மூத்த பேராசிரியர் எதிர்த்தார். பவுண்டரியில் வேலை பார்ப்பதற்கு எம்.ஈ. பட்டமா என்று கேட்டார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. மாணவர்களை வாங்கிக்கொண்டு எடுபிடி வேலை கொடுக்கும் கம்பெனிகளை நானும் பார்த்திருக்கிறேன். அதனால் அவர் போட்ட நிபந்தனையை உடனே ஏற்றுக்கொண்டேன்: தீசிஸ் நூலகத்தில் எல்லோரும் படிக்கும்படி இருக்க வேண்டும், வாய்மொழித் தேர்வு திறந்த அரங்கில் நடக்க வேண்டும்.

சென்னியப்பனுக்கோ, உள்ளே பார்த்தது கேட்டைத் தாண்டக் கூடாது.

இரண்டு பேருக்கும் நடுவில் நின்று ஒரே பக்கத்தில் ஒப்பந்தம் எழுதினேன். உலோகக் கலவையின் விகிதம், டையின் டிராயிங், வாடிக்கையாளர் பெயர் இவை கம்பெனிக்குச் சொந்தம், வெளியே போகாது. அளந்தது, அளந்த விதம், அதிலிருந்து தெரிந்துகொண்டது இவை மாணவருக்குச் சொந்தம், அவர் எழுதலாம். கூடவே இன்னொன்றையும் சேர்த்தேன். அந்தப் பவுண்டரியில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அதைக் கட்டி முடிக்காமல் மாணவர், ஆணோ பெண்ணோ, வரமாட்டார் என்று எழுதினேன். சென்னியப்பன் அந்த வரியைப் பற்றித்தான் அதிகம் பேசினார். பிறகு கட்டிக் கொடுத்தார்.

4. வைஷாலி

முதல் பேட்சில் சேர்ந்தவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்காரலாம். அதில் சோலாப்பூரிலிருந்து வந்த வைஷாலி இரண்டாம் வருடத்துக்குச் சென்னியப்பனின் பவுண்டரியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதுவரை அவர் ஒவ்வொரு காஸ்டிங்கையும் இரண்டு தடவை தொட்டியில் இறக்கிப் பார்த்தே ஜெர்மனிக்கு அனுப்பி, ஆர்டரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டாள். சந்தேகம் வந்தால் விடவும் மாட்டாள்.

டையில் காற்று மாட்டிக்கொண்டு துளை விழுகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம், நான் உட்பட. வைஷாலி அந்த வழியிலேயே வேலையைத் தொடங்கினாள். பலன் இல்லை. டை மாறினாலும் துளை மாறவில்லை. அப்படியானால் டைக்குப் போகும் முன்பே உலோகத்தில் ஏதாவது இருக்க வேண்டும் என்றாள். எங்கள் லேபில் ஒரு சின்ன வேக்குவம் பம்பு சும்மா கிடந்தது. அதை வைத்து ஒரு ஏற்பாடு செய்தாள். உருகிய அலுமினியத்தை ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து, வேக்குவத்தில் உறைய விட்டு, குறுக்கே அறுத்து, மெருகேற்றிப் பார்ப்பது. உலோகத்துக்குள் வாயு கரைந்திருந்தால் வேக்குவத்தில் அது ஊதிப் பெரிதாகித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மழை பிடித்த வாரத்தில் அறுத்த துண்டை என் மேசையில் வைத்தாள். ரொட்டித்துண்டு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. மழைக்கு முன் எடுத்த துண்டைப் பக்கத்தில் வைத்தாள். வழவழவென்று இருந்தது.

அதற்குப் பிறகு வழி தெளிவாகிவிட்டது. திரும்ப உருக்க வேண்டிய கழிவு, கூரை ஒழுகும் ஷெட்டில் நனைந்து கிடந்தது. மழைக்காலக் காற்றிலும் ஈரம். உருகிய அலுமினியம் அந்த ஈரத்திலிருந்து ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டது. உறையும்போது அதுவே துளையானது. கழிவைச் சூடாக்கி உலர்த்திய பின்பே உலைக்குள் போட வைத்தாள். சுழலும் கிராஃபைட் தண்டு வழியாக உருகிய உலோகத்துக்குள் நைட்ரஜனைச் செலுத்தி, ஹைட்ரஜனை வெளியேற்றினாள்.

வெளியே நல்ல மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், புதிய முறையில் வார்த்த காஸ்டிங்குகளைத் தொட்டியில் இறக்கினார்கள். உலைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். தண்ணீர் அசையவில்லை. அடுத்ததை இறக்கினார்கள். அதிலும் குமிழி இல்லை. ஷிஃப்ட் முடியும்வரை இறக்கிக்கொண்டே இருந்தார்கள். சென்னியப்பன் தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். வைஷாலி என் பக்கம் திரும்பவேயில்லை. கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுத்தால் குமிழி வந்துவிடும் என்று பயந்தாளாம், பிறகு சொன்னாள்.

5. எழுதக் கூடாது

அந்தச் சந்தோஷம் தீசிஸ் எழுதத் தொடங்கும் வரைதான் இருந்தது. சென்னியப்பன் என்னைக் கூப்பிட்டு, இதை எழுத வேண்டாம் என்றார்.

"எதுத்தாப்புலயே ஒரு பவுண்டரி இருக்குதுங்க. அவனுக்கும் இதே லீக்குதான். நான் காசையும் எடத்தையும் குடுத்துக் கண்டுபுடிச்சத அவன் லைப்ரரில உக்காந்து படிச்சுட்டுப் போறதுங்களா?"

ஒப்பந்தத்தை நினைவுபடுத்தினேன். ஒப்பந்தம் இருக்கட்டும், நானும் போசரியில் பிழைக்க வேண்டும் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. அதனால்தான் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது.

வைஷாலி வேறு தலைப்பு எடுத்துக்கொள்கிறேன் என்றாள். அவளுக்கு அது ஒரு வருட இழப்பு. எனக்கோ, முதல் தீசிஸையே பூட்டி வைத்தால் இந்தப் படிப்பு அன்றோடு முடிந்தது. பிறகு வரும் ஒவ்வொரு கம்பெனியும் இதையே கேட்கும். எங்கள் மாணவர்கள் சம்பளமில்லாத ஆட்களாகிவிடுவார்கள்.

ஜோக்ளேகர் சாரிடம் போய், கூட்டுறவை முறித்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்றேன். வருகிற வருடம் படிப்பை மறுபரிசீலனை செய்யக் குழு வரப் போகிறது, சொல்லிக்கொள்ளும்படி கையில் இருப்பது இந்த ஒரு கம்பெனிதான், பார்த்து அனுசரித்துப் போங்கள் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"முறிச்சுடுங்க" என்றார். "ஆளில்லாத எம்.ஈ. நமக்குப் புதுசு இல்ல. பூட்டி வெச்ச எம்.ஈ. வேண்டாம்."

அன்றுவரை அவர் இந்தத் திட்டத்தைச் சகித்துக்கொள்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். வெளியே வந்தபோது எனக்குக் கால் தரையில் நன்றாகப் பதிந்தது.

6. ஜெர்மானியர் கேட்டது

முறிக்கும் கடிதத்தை எழுதும் முன் ஜெர்மன் கம்பெனியின் தர அதிகாரி போசரிக்கு வந்தார். சென்னியப்பனே போன் செய்து, அந்தப் புள்ளையைக் கொஞ்சம் கூட்டிட்டு வாங்க, அவர் கேட்பதற்கெல்லாம் எங்களுக்குப் பதில் தெரியவில்லை என்றார். வருத்தம் இருந்தாலும் போனோம்.

அதிகாரி நல்ல காஸ்டிங்குகளைப் பார்த்து மகிழவில்லை. இப்போது நன்றாக இருக்கிறது, அடுத்த மழைக்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டார். வைஷாலி கிண்ணத்தில் உலோகம் எடுத்தாள், வேக்குவத்தில் உறைய விட்டாள், அறுத்துக் காட்டினாள். எவ்வளவு ஈரத்துக்கு எவ்வளவு துளை, எத்தனை நேரம் நைட்ரஜன் செலுத்தினால் போதும் என்று அவர் அடுக்கடுக்காகக் கேட்டார். அவள் தடுமாறாமல் சொன்னாள். கடைசியில், இதெல்லாம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது, வெளியில் யார் சரிபார்த்தார்கள் என்று கேட்டார்.

வைஷாலி என்னைப் பார்த்தாள். நான் சென்னியப்பனைப் பார்த்தேன்.

கம்பெனி தானே எழுதிக்கொண்ட அறிக்கை தனக்குப் போதாது என்று அந்த அதிகாரி பொறுமையாக விளக்கினார். தேர்வாளர்கள் கேள்வி கேட்டு ஏற்றுக்கொண்ட ஒன்று என்றால் அதன் மதிப்பே வேறு என்றார்.

காரில் எங்களைக் கொண்டுவிட வந்த சென்னியப்பன் காசர்வாடி தாண்டியதும் பேச்சை எடுத்தார்.

"என்ற பேச்ச அவன் கேக்கலீங்க மேடம். அந்தப் புள்ள எழுதறதத்தான் கேக்கறான். எழுதட்டுமுங்க."

எதிர் பவுண்டரி என்று இழுத்தேன்.

"படிக்கட்டுமுங்க. அவன் படிச்சு முடிக்கறதுக்குள்ள நாம அடுத்ததுக்குப் போயிரலாம். வர்ற வருசம் ரெண்டு பேர அனுப்புங்க."

7. பின்வரிசை

வாய்மொழித் தேர்வன்று எங்கள் செமினார் ஹாலில் பின்வரிசைகள் நிறைந்திருந்தன. உலைக்காரர்கள் டெம்போவில் வந்து இறங்கியிருந்தார்கள். எதிர் பவுண்டரிக்காரரும் வந்திருந்தார். சென்னியப்பன் அவருக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தார். பவுண்டரிக்குப் பட்டமா என்று கேட்ட பேராசிரியர்தான் தேர்வாளர்களில் ஒருவர். அவர் வைஷாலியை விடாமல் துளைத்தெடுத்தார். முடிவில் மற்றத் தேர்வாளரிடம், இப்படி ஒரு தீசிஸுக்கு நான் வழிகாட்டியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். பின்வரிசையில் கைதட்டல் எழுந்தது. அரங்கில் கைதட்டும் வழக்கம் இல்லை. யாரும் தடுக்கவில்லை.

மறுபரிசீலனைக் குழு படிப்பைத் தொடரச் சொன்னது. அதற்கடுத்த வருடம் சீட்டுகள் நிரம்பின. இரண்டாயிரங்களில் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தவர்களும் உண்டு. எதிர் பவுண்டரிக்காரர் தன் தலைவலியோடு எங்களிடம் வந்தார். பிறகு சாக்கன் பக்கமிருந்து பெரிய கம்பெனிகள் வந்தன. அவர்களுடைய வக்கீல்கள் தடித்த ஒப்பந்தங்களை நீட்டினார்கள். எங்கள் ஒரு பக்கத்தைத்தான் திருப்பி நீட்டினோம். போனவர்கள் சிலர். கையெழுத்துப் போட்டவர்கள்தான் அதிகம். அந்தக் கூட்டுறவிலிருந்து ஒரு ஆராய்ச்சி மையமும் வந்தது. அதில் முதல் பி.எச்டி. வைஷாலி. இன்று அவள் அதே டிபார்ட்மென்டில் பேராசிரியர்.

புதிய படிப்பைத் திட்டமிடும் இளம் ஆசிரியர்கள் என்னிடம் சிலபஸ் கேட்கிறார்கள். சிலபஸ் மாறிக்கொண்டே இருக்கும், அதை நீங்களே எழுதிவிடுவீர்கள். நான் கற்றுக்கொண்டது வேறு. உங்களை நம்பி வரும் கம்பெனிக்கு, முடியாததை வாக்குக் கொடுக்காதீர்கள். உங்களை நம்பி வரும் மாணவர் கண்டுபிடித்ததை, எவருக்காகவும் பூட்டி வைக்காதீர்கள். இந்த இரண்டையும் முதல் நாளே, டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுங்கள். கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும். உட்கார்ந்திருப்பவர்களோடு ஒரு பல்கலைக்கழகத்தையே கட்டலாம்.