ஆசைக்கு ஓட்டிய சைக்கிள்

நடந்தது இவ்வளவுதான்:

1. பெரியம்மா கொடைக்கானல் ஏரிக்கரையில் வாடகை சைக்கிள் எடுத்தார்.
2. அம்மாவின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு எடுத்தார்.
3. விழுந்தார். காரில் போன சபைக் கமிட்டிக்காரர் அதைப் பார்த்தார்.
4. அதன் பிறகு சர்ச்சில் வேதபாடம் வாசிக்க அவரைக் கூப்பிடவில்லை.
5. எனக்குக் கிடைக்க வேண்டிய ஒரு மணி நேரச் சைக்கிள் அரை மணி ஆனது.

பத்து வயதில் எனக்கு ஐந்தாவதுதான் அநியாயமாகப் பட்டது. இப்போது நான்காவதை நினைத்தால் வயிறு எரிகிறது.

கொடைக்கானலிலேயே இருந்தாலும், எங்கள் நாயுடுபுரத்தில் எங்களைப் போன்றவர்கள் ஏரியில் படகு ஏறுவதில்லை, சைக்கிள் எடுப்பதில்லை. "அதெல்லாம் டூரிஸ்ட் சோலி" என்பாள் அம்மா. நான் மாதக்கணக்கில் அடம்பிடித்து, ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு சைக்கிள் ஓட்டச் சம்மதம் வாங்கியிருந்தேன். துணைக்கு வந்தவர் அம்மாவின் அக்கா. மிஷன் பள்ளி விடுதியில் வார்டனாக இருந்து, அந்த மாதம்தான் ஓய்வு பெற்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். சனிக்கிழமைதோறும் விடுதிப் பிள்ளைகளை ஏரிக்கு அழைத்துப் போவார். அவர்கள் சைக்கிள் ஓட்டுவார்கள். இவர் பெஞ்சில் உட்கார்ந்து அவர்களுடைய ஸ்வெட்டர்களைக் காவல் காப்பார்.

அன்று நான் பாதி நேரம் ஓட்டி இறங்கியதும், "இப்ப நான்" என்றார்.

சைக்கிள் கடை பாய் சுற்றும் முற்றும் பார்த்தார். "யாருக்குங்க வார்டனம்மா?"

"எனக்குத்தான் பாய். சீட்டை இறக்கிக் குடுங்க."

பாய் இறக்கிக் கொடுத்தார். "பிரேக்குன்னு ஒண்ணு இருக்குங்க. அதை மட்டும் மறந்துறாதீங்க."

மறந்தார். சோளக்கருது விற்கும் தள்ளுவண்டியை ஒட்டி விழுந்தார். எழுந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "ஏ புள்ள, இன்னொரு தடவை பிடி" என்று சிரித்தார். அப்போதுதான் கமிட்டிக்காரரின் அந்தக் கார் மெதுவாக வந்தது. கண்ணாடி இறங்கியது, பார்த்தது, ஏறிக்கொண்டது.

வேதபாடம் வாசிப்பது பெரியம்மாவுக்குச் சாதாரண விஷயமில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு அவருடையது. வாயில் நுழையாத பழைய ஏற்பாட்டுப் பெயர்களைக் கேரட் நறுக்கிக்கொண்டே சொல்லிப் பழகுவார். அவர் வாசித்தால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவர்கள்கூட விழித்துக்கொள்வார்கள். அதைப் பறிக்கத்தான் கமிட்டிக்காரர் அந்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்து டீ குடித்தார்.

"சிஸ்டர், ரிட்டையர் ஆயிட்டீங்க. இனிமே வேதபாடத்தை விட்டுட்டு ஜெபத்துல உட்காருங்க. இந்த வயசுல எதுக்குங்க சைக்கிளு?"

"ஆபிரகாம் எழுபத்தஞ்சு வயசுல ஊரை விட்டுக் கெளம்புனாரு. அவரை யாரும் உட்காரச் சொல்லலையே."

"அவரைக் கர்த்தர் கூப்பிட்டாருங்க." கமிட்டிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "நீங்களும் ஊழியத்துக்குத்தான் பழகுறேன்னு சொல்லிருங்க. பள்ளங்கி கிராமத்துக்குப் போயி பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்கன்னு. கமிட்டியில நான் பேசிக்கிறேன்."

ஊழியம். கர்த்தரின் வேலை என்று அர்த்தம்; எங்கள் சபையில் அந்த ஒரு வார்த்தை போதும். ஊழியத்துக்கென்றால் கார் வாங்கலாம், விமானம் ஏறலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கதவருகே நின்ற அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். "சொல்லிருங்க பெரியம்மா" என்று நானும் சொன்னேன்.

"ஊழியத்துக்கு இல்லீங்க" என்றார் பெரியம்மா. "ஆசைக்கு. பொய்யைச் சொல்லிட்டு அதே வாயால எப்படிங்க வேதம் வாசிக்கிறது?"

"ஆசைக்கா?" கமிட்டிக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டவர்போல என்னைத் திரும்பிப் பார்த்தார், சிறு பிள்ளை காதில் விழுந்துவிட்டதே என்று.

பெரியம்மாவின் ஞாயிறு வந்தபோது கமிட்டிக்காரரின் மருமகள் வாசித்தாள். பெயர்களைப் பாதி விழுங்கினாள். பெரியம்மா எங்களோடு உட்கார்ந்து தன் வேதாகமத்தில் வரியை விரலால் தொடர்ந்துகொண்டே வந்தார். உதடுகள் அசைந்தன. அன்று மதியமே மறுபடி ஏரிக்குப் போனார்.

எனக்கு அவர்மேல்தான் கோபம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும்; வீட்டில் முணுமுணுப்பு இருந்திருக்காது, என் அரை மணி நேரம் போனதும் வீணாகியிருக்காது. சந்தோஷப்படுவதற்குக் கடவுளிடம் சாக்குச் சொல்லத் தேவையில்லை என்று நம்பிய ஒருவரை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன் என்பது எனக்குத் தெரியவில்லை. வீம்பு என்றே நினைத்தேன்.

பெரியம்மா அதன் பிறகு ஸ்கூட்டி பழகினார், கித்தார் பழகினார், மன்னவனூருக்குத் தனியாகவே போய் ஆட்டுப் பண்ணையைப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு ஞாயிறு ஆராதனையையும் விட்டதில்லை. கமிட்டிக்காரருக்கு இப்போது சர்க்கரை. டாக்டர் சொன்னாராம், தினமும் காலையில் ஏரியைச் சுற்றிச் சைக்கிள் ஓட்டுகிறார். அவரும் சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிறார்; அதை யாரும் நிறுத்தவில்லை. பெரியம்மாவை இன்றுவரை யாரும் கூப்பிடவில்லை.