நீளமான துப்பாக்கிக் கட்டை

துப்பாக்கிச் சங்க நண்பர்களே, ஐந்நூறு கஜ இலக்குக்கு ஏற்றதும் என் சம்பளத்துக்கு எட்டுவதுமான தொழிற்சாலையில் செய்த துப்பாக்கி ஒன்றை இன்று தருமபுரிக் கடையில் தேர்ந்தெடுத்தேன்.

நான் அதன் பின்பக்க மரக்கட்டையைத் தோளில் வைத்துப் பார்த்ததும் கடைக்காரர் ரம்பத்தை எடுத்தார்.

"கட்டை உங்களுக்கு நீளமுங்க சார். ஒரு அங்குலம் அறுத்துடலாமுங்களா?"

"வேண்டாமுங்க. எம் பையன் என்னைவிட ஒசரம். அவனுக்குச் சரியா இருக்கும்."

"தம்பி எங்க இருக்காருங்க?"

"வெள்ளைக்காரப் பட்டாளத்தோட பர்மா சண்டையில. எட்டு மாசமா லெட்டர் இல்லைங்க."

அவர் ரம்பத்தை உள்ளே வைத்துவிட்டார்.

உரிமம் என் பெயரில் உள்ளது. வேறொருவர் சுடச் சட்டம் இடம் தராது. ஆகவே விதி அறிந்தவர்கள் தெரிவியுங்கள்: என் மகன் பெயரையும் உரிமத்தில் சேர்க்கும் மனுவில் அவனேதான் கையெழுத்திட வேண்டுமா, தகப்பன் இட்டால் போதுமா?